ஓவன்ஸ் ஏரிப் புழுதி: கெடுவுக்குள் வேலை முடிந்தும் காற்று தேறாத கதை

பின்னணி

கலிஃபோர்னியாவின் கிழக்கு ஓரத்தில், சியரா நெவாடாவுக்கும் இன்யோ மலைகளுக்கும் நடுவே ஓவன்ஸ் பள்ளத்தாக்கு இருக்கிறது. மலைப்பனி உருகி வரும் ஓவன்ஸ் ஆற்றுக்குக் கடலை எட்ட வழியில்லை. பள்ளத்தாக்கின் தென்கோடியில் அது உப்பேரியாகத் தேங்கி நின்றது. பரப்பு சுமார் 110 சதுர மைல், ஏறத்தாழ 285 சதுர கிலோமீட்டர். 1870களில் செரோ கோர்டோ சுரங்கத்தின் வெள்ளிக் கட்டிகளை ஏற்றிக்கொண்டு நீராவிப் படகு ஓடும் அளவுக்கு அதில் தண்ணீர் இருந்தது.

1913-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகரம் தன் குடிநீர்க் கால்வாயைத் திறந்தது. ஏரிக்கு வந்துகொண்டிருந்த ஆற்றுநீர் 370 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த நகரத்துக்குத் திரும்பியது. 1926 வாக்கில் ஏரி வறண்டுபோனது. நடுவில் செறிந்த உப்புநீர்க் குட்டை ஒன்றுதான் மிஞ்சியது.

வறண்ட ஏரி எல்லா நாளும் புழுதியைக் கிளப்பாது. கோடையில் உப்பும் களிமண்ணும் சேர்ந்து தரை கெட்டியாகிவிடும். குளிரும் ஈரமும் சேரும் மாதங்களில் நிலத்தடி உப்புநீர் மேலேறி, மழைக்காலத்துப் பழைய சுவரில் பூக்கும் உப்பைப் போல மெத்தென்று பூக்கும். பலத்த காற்று அடிக்கும்போது மணல் பரல்கள் துள்ளித் துள்ளி அந்தப் பூப்பின் மேல் மோதி அதைப் பொடியாக்கும். மாவு போன்ற அந்தப் பொடியில் ஆர்செனிக், காட்மியம் ஆகியவையும் கலந்திருந்தன. பத்து மைக்ரான் அளவுக்கும் கீழே உள்ள துகள்களை பி.எம்.10 என்கிறோம். இந்த ஒற்றை ஏரிப்படுகைதான் அமெரிக்காவிலேயே மிகப் பெரிய பி.எம்.10 மூலம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது.

இந்த ஆய்வில் வரும் மக்கள் கிழக்குக் கரையில் உள்ள கீலர் என்ற சிற்றூரிலும், லோன் பைன், ஒலாஞ்சா ஊர்களிலும், பையூட்–ஷோஷோனி பழங்குடிக் குடியிருப்புகளிலும் வாழ்ந்தவர்கள். கீலரில் நூறு பேர்கூட இல்லை. எதிர்த்தரப்பில் இருந்ததோ நாட்டின் இரண்டாவது பெரிய நகரம். பிறகு நடந்த பலவற்றையும் இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும்.

சட்டத்தின் ஏற்பாடு

1970-ன் தூய காற்றுச் சட்டம் வேலையை இரண்டாகப் பிரித்தது. காற்று எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்ற தர அளவை மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, சுருக்கமாக ஈ.பி.ஏ., நிர்ணயிக்கும். அந்த அளவை எட்டும் வழியை மாநிலம் திட்டமாக எழுதி ஈ.பி.ஏ.யிடம் அனுப்பும். ஏற்கப்பட்டால் அந்தத் திட்டம் மத்தியச் சட்டத்தின் வலிமையைப் பெறும். அதை மீறினால் ஈ.பி.ஏ.யும் வழக்குப் போடலாம், குடிமக்களும் போடலாம். திட்டம் வரவில்லை, அல்லது தேறவில்லை என்றால் மத்திய அரசே ஒரு திட்டத்தை எழுதித் திணிக்கலாம். புதிய ஆலைகளுக்கான நிபந்தனையை இறுக்குவதும் நெடுஞ்சாலை நிதியை நிறுத்துவதும் தண்டனைகள்.

கலிஃபோர்னியாவில் இதற்குள் இன்னொரு படியும் உண்டு. திட்டத்தை முதலில் எழுதுவது உள்ளூர்க் காற்று மாவட்டம். இங்கே அது பிஷப் நகரில் அலுவலகம் கொண்ட க்ரேட் பேசின் ஒருங்கிணைந்த காற்று மாசுக் கட்டுப்பாட்டு மாவட்டம். இன்யோ, மோனோ, ஆல்பைன் என்ற மூன்று கவுண்டிகளுக்கு, அதாவது மாநிலத்தின் உட்பிரிவுகளுக்கு, அது பொறுப்பு. அது எழுதியதை மாநிலக் காற்று வள வாரியம் பார்த்து ஈ.பி.ஏ.க்கு அனுப்ப வேண்டும்.

மத்தியச் சட்டத்தின் தண்டனை இந்த வழக்குக்குப் பொருந்தவே இல்லை. நெடுஞ்சாலை நிதி நின்றால் நிற்பது, காற்றுத் தரம் தவறிய பகுதியில், அதாவது புழுதியைத் தின்றுகொண்டிருந்த இன்யோ கவுண்டியில். தண்ணீரை எடுத்துச் சென்ற நகரத்தின் சாலைகளுக்கு அதனால் ஒரு குறையும் வராது. மாசுபடுத்துபவரும் மாசுக்கு ஆளாகிறவரும் ஒரே வட்டாரத்தில் இருப்பார்கள் என்று நினைத்து எழுதிய சட்டம் அது.

நகரத்தின் பையைத் திறக்க வைத்தது 1983-ல் வந்த ஒரு மாநிலச் சட்டம். நகரம் ஏரியின் தெற்கே கோசோ பகுதியில் புவிவெப்ப மின்நிலையத்துக்கு அனுமதி கேட்டபோது, முதலில் புழுதிக்கு வழி சொல்லுங்கள் என்று காற்று மாவட்டம் நின்றது. அந்த இழுபறியின் சமரசம்தான் இந்தச் சட்டம். நீர் எடுப்பால் வரும் காற்று மாசை ஆராயும் செலவையும், அதைத் தணிக்கும் நியாயமான நடவடிக்கைகளின் செலவையும் நகரம் ஏற்க வேண்டும். கூடவே ஒரு வரி: அந்த நடவடிக்கைகள் எதுவும் நகரத்தின் நீர் உரிமையைத் தொடக்கூடாது. அந்த வரியோடு, ஏரியை மறுபடி நிரப்பச் சொல்லி உத்தரவிடும் வழி அடைபட்டது. அதன் பிறகு பேச்செல்லாம் வறண்ட படுகையை என்ன செய்வது என்பதைப் பற்றியே.

(இதே நகரம், இதே காற்று மாவட்டம், வடக்கே மோனோ ஏரி. அங்கே 1994-ல் மாநில நீர் வாரியம் நகரத்தின் நீர் உரிமத்தையே திருத்தி, ஏரியின் மட்டம் 6,392 அடிக்கு உயர வேண்டும் என்று ஆணையிட்டது. அந்த மட்டம் இன்னும் எட்டப்படவில்லை. ஆனாலும் இரண்டு ஏரிகளின் கதையும் வெவ்வேறு பாதையில் போனதற்குக் காரணம் அறிவியல் அல்ல, எந்தச் சட்டம் கைக்குக் கிடைத்தது என்பதுதான்.)

கண்டவை

1987-ல் பி.எம்.10-க்கான தர அளவு வந்தது: 24 மணி நேரச் சராசரியில் ஒரு கனமீட்டர் காற்றில் 150 மைக்ரோகிராம். 1995 ஏப்ரலில் ஒரு நாள் கீலரில் பதிவானது 3,929. அனுமதித்த அளவைப்போல் 26 மடங்கு. புழுதி கீலரோடு நிற்கவில்லை. தெற்கே சைனா லேக் கடற்படை ஆயுதச் சோதனைத் தளம் வரை போய்ப் பார்வையை மறைத்தது.

1993-ல் ஈ.பி.ஏ. இந்தப் பகுதியைத் தரம் தவறியவற்றில் ‘கடுமையான’ வகைக்கு மாற்றியது. அந்த வகைக்குக் கெடு 2001 டிசம்பர் 31. அதற்குள் முடியாது என்று நிரூபித்து, இருப்பவற்றில் மிகக் கடுமையான கட்டுப்பாடுகளையும் ஏற்றுக்கொண்டால் அதிகபட்சம் ஐந்தாண்டு நீட்டிப்பு கிடைக்கும்.

காற்று மாவட்டத்தின் ஆய்வாளர்கள் படுகையில் சோதனைத் திடல்கள் போட்டு மூன்று முறைகளைத் தேர்ந்தார்கள். முதலாவது ஆழமில்லாத நீர்ப்பரப்பு: புழுதிப் பருவம் முழுக்கத் தரையில் முக்கால் பங்கு நனைந்தே இருக்க வேண்டும். இரண்டாவது, சொட்டுநீரில் உப்புப்புல் வளர்ப்பது. மூன்றாவது, நான்கு அங்குலக் கனத்துக்குச் சரளை பரப்புவது. புழுதியை அடக்குவதில் மூன்றும் தேறின. விலையில் ஒன்றுக்கொன்று வெகுதூரம். நீர்ப்பரப்பு முறை ஏக்கருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ நான்கு ஏக்கர்–அடி தண்ணீரைக் குடிக்கும், அதாவது அந்த நிலத்தை நான்கு அடி ஆழத்துக்கு மூடும் அளவு. அந்தத் தண்ணீர் நகரத்தின் கால்வாயிலிருந்தே வர வேண்டும்.

முதல் முடிவு: 1997 முதல் 1999 வரை

1997-ல் காற்று மாவட்டம் திட்டத்தை எழுதி முறைப்படி ஏற்று, கட்டுப்பாட்டு வேலையைச் செய்யும்படி நகரத்துக்கு ஆணையிட்டது. இது ‘நியாயமான நடவடிக்கை’ அல்ல என்று நகரம் மாநிலக் காற்று வள வாரியத்திடம் மேல்முறையீடு செய்தது.

காற்று மாவட்டத்தின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, ஆணையில் உறுதியாக நின்று மேல்முறையீட்டையும் அதன் பின்னால் வரக்கூடிய வழக்குகளையும் சந்திப்பது. வென்றாலும் ஆண்டுகள் ஓடிவிடும். தோற்றால் கையில் எதுவும் மிஞ்சாது. மற்றது, பரப்பை விட்டுக்கொடுத்து ஒப்புதலை வாங்குவது. 1998 ஜூலையில் இரண்டாவதையே தேர்ந்தார்கள். நகரம் மேல்முறையீட்டைக் கைவிட்டது. 2001 இறுதிக்குள் 10 சதுர மைல், 2003 இறுதிக்குள் மொத்தம் 16.5 சதுர மைல், தேவைப்பட்டால் பிறகு படிப்படியாக மேலும் என்று உடன்பாடு ஆனது. மூன்று முறைகளில் எது, எங்கே என்பதை நகரமே தேர்ந்துகொள்ளலாம்.

அந்த உடன்பாட்டை உள்ளே வைத்துத் திருத்திய திட்டம் மாநிலத்தின் வழியே ஈ.பி.ஏ.யை அடைந்தது. 1999 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. கெடு 2006 டிசம்பர் 31-க்கு நீண்டது.

இந்த விட்டுக்கொடுப்பைக் குறை சொன்னவர்கள் உண்டு. அந்தச் சூழலில் அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். எழுபது ஆண்டுக்கு மேலாகக் காய்ந்து கிடந்த படுகையில் முதல் பத்து சதுர மைல் வேலை உறுதியானது. அதைவிடப் பெரிய லாபம், தன்னார்வ வாக்குறுதியாக இருந்த ஒன்று மத்தியச் சட்டமாக மாறியது. நகரத்தில் மேயர் மாறினாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் வழங்கும் நகரத் துறையின் தலைமை மாறினாலும் அதைச் சத்தமில்லாமல் கைவிட முடியாது.

தொடர்ந்தது: வரைபடம் வளர்ந்தது

முதல் 10 சதுர மைல் வேலை 2001-ன் இறுதியில் முடிந்தது. குழாய்கள், கரைகள், தெளிப்பான்கள், தெற்குப் பகுதியில் உப்புப்புல் வயல் என்று படுகையின் ஒரு பகுதி பாசன நிலத்தின் தோற்றத்துக்கு வந்தது.

காற்று மாவட்டம் இதற்கிடையில் ஒரு கண்காணிப்பு வலையை விரித்திருந்தது. துள்ளும் மணலை எண்ணும் கருவிகள், மணல் பிடிக்கும் குழாய்கள், கரையோரக் காற்றுமானிகள், மலையிலிருந்து படுகையைப் பார்க்கும் கேமராக்கள். காற்று அடித்த நாளில் எந்தத் துண்டு நிலம் புகைந்தது என்பதை இவற்றைக் கொண்டு கணக்கிட முடிந்தது. முன்பு கண்ணால் பார்த்துக் குறித்த வரைபடத்தில் இல்லாத இடங்களும் புகைந்தன. 2003 நவம்பரில் திட்டம் திருத்தப்பட்டது. 16.5 சதுர மைல் 29.8 ஆனது, 2006 இறுதிக்குள் முடிக்க வேண்டும்.

முடித்தார்கள். இந்த விஷயத்தில் நகரத்தின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் 2007-ல் ஈ.பி.ஏ. இந்தப் பகுதி தர அளவை எட்டவில்லை என்று முறைப்படி அறிவித்தது. சொன்ன வேலை சொன்ன தேதியில் முடிந்தும் காற்று தேறவில்லை. கட்டுப்பாட்டுப் பரப்புக்கு வெளியே புகைந்த இடங்கள் ஒரு காரணம். என் பார்வையில் இன்னொரு காரணம் திட்டத்துக்குள்ளேயே இருந்தது. இந்தத் தர அளவு எட்டப்பட்டதா என்பதை மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்துத்தான் முடிவு செய்வார்கள். 2006-ன் கெடுவுக்குக் கணக்கில் வருபவை 2004, 2005, 2006. கடைசித் துண்டுகள் 2006-ன் இறுதியில் நனைந்தால், அவை புகைந்துகொண்டிருந்த நாட்களெல்லாம் ஏற்கெனவே கணக்கில் ஏறியாகிவிட்டது. வேலை முடியும் தேதியையும் காற்று தேற வேண்டிய தேதியையும் ஒன்றாக வைத்த திட்டம், கடைசி வாய்க்கால் வெட்டும் முன்பே தவறிவிட்டிருந்தது. இதை 2003-லேயே காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

இரண்டாவது கெடு

தவறியதும் சட்டத்தின் அடுத்த பிரிவு வேலை செய்யத் தொடங்கியது. ஆண்டுக்குக் குறைந்தது ஐந்து சதவீதம் மாசைக் குறைக்கும் புதிய திட்டத்தை 2007 இறுதிக்குள் கொடுக்க வேண்டும். நகரமும் காற்று மாவட்டமும் 2006 டிசம்பரிலேயே ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்ததால் 2008 பிப்ரவரியில் திட்டம் தயாரானது. மொத்தம் 43 சதுர மைல். காற்று தேற வேண்டிய ஆண்டு 2017.

இந்தச் சுற்றில் நகரத்தின் கவலை தண்ணீர். ஒவ்வொரு திருத்தமும் குழாயின் இன்னொரு மடையைத் திறந்துகொண்டிருந்தது. அதனால் 3.5 சதுர மைலுக்கு அகழியும் மணல்மேடும் வேலியும் கொண்ட, நீர் வேண்டாத ஒரு முறையை நகரம் முன்வைத்தது. படுகையின் பெரும்பகுதி மாநில நில ஆணையத்துக்குச் சொந்தம். பொது நிலத்தில் இதற்கு இடமில்லை என்று ஆணையம் மறுத்துவிட்டது. காற்று மாவட்டமும் நகரமும் கையெழுத்திட்ட ஒன்றை நிலத்தின் சொந்தக்காரர் தடுத்தார். அவரைத் தொடக்கத்திலேயே மேசைக்கு அழைத்திருக்க வேண்டும்.

வேறொரு தரப்பும் அழைக்கப்படாமலே இருந்தது. ஏரிக்குப் பழங்குடிகள் வைத்த பெயர் பட்சியாட்டா. 1863-ல் பையூட் மக்கள் துரத்தப்பட்டுக் கொல்லப்பட்ட இடம் இந்தக் கரை. புழுதி வேலைக்காக மண்ணைக் கிளறியபோது தொல்பொருட்கள் வெளிவந்தன. சில பகுதிகளில் வேலையைத் தள்ளிவைக்க நேர்ந்தது. புழுதியை அடக்குவதும் புதைந்திருப்பதைக் காப்பதும் ஒரே துண்டு நிலத்தில் மோதிக்கொள்ளும் என்று திட்டங்கள் போதுமான அளவு எதிர்பார்க்கவில்லை.

2011-ல் காற்று மாவட்டம் ஏறத்தாழ மூன்று சதுர மைல் கூடுதல் வேலைக்கு ஆணையிட்டதும் நகரம் பொறுமையிழந்தது. 2012-ல் வழக்கு. முடிவே இல்லாத ஒரு கடமையை எங்கள் தலையில் கட்டுகிறீர்கள் என்பது நகரத்தின் வாதம். அதில் பாதி நியாயம் இருந்தது. பத்து, முப்பது, நாற்பத்து மூன்று என்று வளரும் எண்ணுக்கு மேல்வரம்பு எங்கே என்று கேட்பவரை வெறும் இழுத்தடிப்புக்காரர் என்று தள்ளிவிட முடியாது.

2014-ன் உடன்பாடும் 2017-ன் ஒப்புதலும்

2014-ன் இறுதியில் நீதிமன்றத் தீர்ப்பாகவே பதிவான ஓர் உடன்பாடு வந்தது. 2017 இறுதிக்குள் மொத்தம் 48.6 சதுர மைல். அதன் பிறகும் கண்காணிப்பில் புகையும் இடங்கள் தெரிந்தால் காற்று மாவட்டம் மேலும் 4.8 சதுர மைல் வரை ஆணையிடலாம். அதை நகரம் எதிர்க்காது. மொத்த வரம்பு 53.4. நகரத்துக்கு மேல்வரம்பு கிடைத்தது, காற்று மாவட்டத்துக்கு வழக்கில்லாத ஆணை கிடைத்தது.

நீரைச் சேமிக்கும் முறைகளுக்கும் இடம் தரப்பட்டது. அவற்றில் கவனிக்க வேண்டியது உழவு. ஈரக் களிமண்ணை ஆழமாக உழுது, பெரிய கட்டிகளும் பார்களுமாக விட்டால் காற்று தரையைத் தொடாது. காலப்போக்கில் கட்டிகள் கரைந்து, மணல் நகர்வு குறித்த அளவைத் தாண்டினால் அந்தத் துண்டில் உடனே தண்ணீர் விட வேண்டும். அதற்கான குழாய்கள் தயாராகவே இருக்கும். சோதனை முறை தோற்றால் நிரூபிக்கப்பட்ட முறை தானாக வந்து நிற்கும் இந்த ஏற்பாடு, இந்த மொத்த வழக்கிலும் எனக்கு மிகவும் பிடித்தது.

2016 ஏப்ரலில் காற்று மாவட்டம் இவற்றை விதி 433 என்ற பெயரில் சட்டமாக்கிப் புதிய திட்டத்தில் சேர்த்தது. 2017 மார்ச்சில் ஈ.பி.ஏ. ஒப்புதல் அளித்தது.

விளைவு

நகரம் இதுவரை 200 கோடி டாலருக்கு மேல் செலவழித்திருக்கிறது. புழுதி பெருமளவு குறைந்திருக்கிறது. கீலரில் பழைய ஆயிரக்கணக்கான அளவுகள் இப்போது வழக்கமில்லை. யாரும் திட்டமிடாத பலனும் வந்தது. ஆழமில்லாத நீர்ப்பரப்பில் உப்பீக்கள் பெருக, வலசைபோகும் கரைப்பறவைகள் கூட்டம் கூட்டமாகத் திரும்பின. அது பின்னால் ஒரு சிக்கலும் ஆனது. தண்ணீரைக் குறைக்கும் ஒவ்வொரு யோசனைக்கும், வாழிடத்தைக் குறைக்காதே என்ற நிபந்தனை இப்போது கூடவே வருகிறது.

2017-க்குப் பிறகும் தர அளவு சில நாட்கள் மீறப்பட்டது. அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்கள் அமைத்த நிபுணர் குழு 2020-ல் தந்த அறிக்கை, பெரும் முன்னேற்றத்தையும் மிச்சமிருக்கும் மீறல்களையும் சேர்த்தே சொன்னது. அந்த மீறல்களில் ஒரு பகுதி படுகைக்கு வெளியே உள்ள மணற்குன்றுகளிலிருந்து வருகிறது. கீலர் ஊரை ஒட்டிய குன்றுகள் அப்படிப்பட்டவை. அந்த மணல் வற்றிய ஏரியிலிருந்து வந்ததா, முன்பே இருந்ததா என்று இரு தரப்பும் வாதிட்டன. கடைசியில் நகரம் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே ஒரு கோடி டாலர் கொடுத்தது. அதைக் கொண்டு வைக்கோல் கட்டுகளை அடுக்கி, அவற்றின் நிழலில் உள்ளூர்ப் புதர்ச்செடிகளை நட்டார்கள்.

மாற்ற வேண்டியவை

முதலாவதாக, கட்டி முடிக்கும் கெடு காற்று தேற வேண்டிய கெடுவுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு முன்னால் இருக்க வேண்டும். ஒப்புதல் தரும் முகமை கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. 2016 திட்டமும் இதில் முழுதாகத் தேறவில்லை: வேலையின் கெடுவும் 2017, காற்றின் கெடுவும் 2017.

கண்காணிப்பு வலையைத் திட்டத்துக்கு முன்பே விரித்திருக்க வேண்டும். 1998-ன் எண் பேரத்தில் வந்த எண். அளந்து வந்த எண்ணாக இருந்திருந்தால் நகரத்துக்கு முதலிலேயே முழுத் தொகை தெரிந்திருக்கும்; ஒவ்வொரு திருத்தமும் ஏமாற்றுவேலையாகத் தோன்றியிருக்காது. முழுத் தொகையைக் கண்டு நகரம் அன்றே நீதிமன்றத்துக்கு ஓடியிருக்கவும் கூடும் என்பதையும் மறுக்க முடியாது.

தண்ணீர் வேண்டாத முறைகளின் சோதனையைப் பத்தாண்டு முன்பே, மாற்று ஏற்பாட்டுடன் தொடங்கியிருக்கலாம். நிரூபிக்கப்பட்டதை மட்டுமே ஏற்போம் என்ற கண்டிப்பு தொடக்கத்தில் தேவைப்பட்டது. நீண்டகாலம் அதையே பிடித்துக்கொண்டதால் வறண்ட நாட்டில் புழுதி வேலை முழுதும் தண்ணீரைச் சார்ந்ததாகிவிட்டது.

எல்லைக்கோடு கடைசி. திட்டம் பழைய கரையோடு நின்றது, ஏனென்றால் பொறுப்பு அங்கே முடிகிறது என்று ஒப்பந்தங்கள் சொன்னன. தர அளவு மீறப்பட்டதா என்பதைச் சொல்லும் காற்றுமானிகளோ ஊர்களுக்குள் இருக்கின்றன. அவை ஏரி மணலையும் குன்று மணலையும் பிரித்துப் பார்ப்பதில்லை. குன்றுகளுக்கு யார் பொறுப்பு என்பதை எழுதாமல் அடுத்த திட்டம் ஈ.பி.ஏ.யிடம் போனால், 53.4 சதுர மைலும் அடங்கிய பிறகும் கீலரின் காற்றுமானி மீறலைப் பதிவு செய்யக்கூடும்.